பீஸ் கம்பி முதல் டிரைவ் வரை: மோட்டாரை எரியாமல் காத்த கதை



வீட்டில் பீஸ் போனால் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கம்பி உருகிவிட்டது, கரண்ட் நின்றுவிட்டது, வேறு கம்பி கட்ட வேண்டும். ஆனால் இன்று லிஃப்ட், சி.என்.சி. மெஷின், எம்பிராய்டரி மெஷின், மின்சார ஸ்கூட்டர் எதை எடுத்தாலும், அதில் மோட்டாருக்கு முன்னால் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. டிரைவ் என்பார்கள், சர்வோ ஆம்ப்ளிஃபயர் என்பார்கள். மோட்டார் கேட்கிற மின்னோட்டத்தை அது அப்படியே கொடுத்துவிடாது. அளந்துதான் கொடுக்கும். ஓர் எல்லைக்கு மேல் கேட்டால், "இவ்வளவுதான்" என்று நிறுத்திக்கொள்ளும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் எரியாது.

வெட்டிவிடும் காவலிலிருந்து அளந்து கொடுக்கும் காவலுக்கு வந்து சேர மனிதர்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். பதிவு நீளமானது. பொறுமையாகப் படியுங்கள்.

*பீர் ஆலையில் தொடங்கிய கணக்கு*

இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில், பீர் தயாரிக்கும் ஆலை வைத்திருந்த குடும்பத்தில் 1818-ல் பிறந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். அவர் வாலிபராக இருந்தபோது மின் மோட்டார் உலகத்துக்கே புதுசு. யகோபி என்பவர் 1834-ல் ஒரு மோட்டாரைச் செய்து, 1838-ல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மோட்டாரைக் கொண்டே படகு ஓட்டிக் காட்டியிருந்தார். நீராவி இயந்திரத்துக்குப் பதில் மோட்டாரை வைத்தால் கட்டுப்படியாகுமா என்று ஜூல் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்.

மோட்டாரைப் பற்றி ஆராயப் போனவர் சூட்டில் போய் நின்றார். கம்பியைச் சுருளாகச் சுற்றித் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தார். மின்சாரத்தைச் செலுத்தித் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று வெப்பமானியில் பார்த்தார். 1841-ல் வெளியான கட்டுரையில் அவர் சொன்ன விதிதான் நாம் பள்ளியில் படித்த ஜூல் விதி. கம்பியில் உண்டாகும் சூடு, மின்தடையையும் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது.

'வர்க்கம்' என்ற சொல்லில்தான் இந்தக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. மின்னோட்டம் 2 மடங்கானால் சூடு 4 மடங்கு. 3 மடங்கானால் 9 மடங்கு. வெறும் 10 சதவீதம் கூடினாலே சூடு 21 சதவீதம் கூடிவிடும். "கொஞ்சம்தானே ஏற்றுகிறேன்" என்று யார் சொன்னாலும் இந்த வர்க்கக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

*நிற்கும் மோட்டாரே அதிகம் கேட்கும்*

அடுத்து ஒரு விசித்திரம். ஓடுகிற மோட்டாரை விட நிற்கிற மோட்டார்தான் அதிக மின்சாரம் இழுக்கும். மாணவர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

மோட்டாரும் ஜெனரேட்டரும் அடிப்படையில் ஒரே இயந்திரம்தான். 1873-ல் வியன்னா கண்காட்சியில் கிராம் என்பவரின் ஜெனரேட்டர் ஒன்றின் மின்சாரத்தை இன்னொன்றுக்குக் கொடுத்தபோது, இரண்டாவது இயந்திரம் மோட்டாராகச் சுழன்று காட்டியது. அப்படியென்றால் மோட்டார் சுழலும்போது தானும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும் அல்லவா? அது உள்ளே வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளும். எதிர் மின்னியக்கு விசை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முழு வேகத்தில் ஓடும்போது இந்த எதிர்ப்பு பலமாக இருப்பதால் உள்ளே போகும் மின்னோட்டம் குறைவு.

நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் இந்த எதிர்ப்பே கிடையாது. சுவிட்சைப் போட்ட அந்த நொடியில் மின்சாரம் திறந்த வீட்டுக்குள் நுழைவது போல நுழையும். நம் தோட்டத்துப் பம்புசெட்டில் உள்ள வகை மோட்டார், நேரடியாக ஸ்டார்ட் செய்தால், ஓடும்போது எடுப்பதைப் போல 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 6 மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஜூல் கணக்குப்படி காயிலில் சூடு 36 மடங்கு. வேகம் பிடித்ததும் அது இறங்கிவிடும். சில நொடிகள்தான் என்பதால் காயில் தாங்கிக்கொள்கிறது. ஆனால் மண் அடைத்தோ பேரிங் பிடித்தோ மோட்டார் சுழலாமல் மாட்டிக்கொண்டால் அந்த 36 மடங்கு இறங்காது. காயில் கருகும் வாடை வந்துவிடும்.

*உருகிச் சாகும் கம்பி*

முதல் காவலாளி பீஸ். தாமஸ் எடிசன் தன் மின்விளக்கு அமைப்புக்காக இதற்கு 1880-ல் காப்புரிமை பெற்றார். வயரின் நடுவில் எளிதில் உருகும் உலோகத்தை வைத்துவிட்டால், மின்னோட்டம் மீறும்போது அது முதலில் உருகி, மற்றதைக் காப்பாற்றும்.

விளக்குக்கு இது அருமையான ஏற்பாடு. மோட்டாருக்குத்தான் சிக்கல். ஓடும்போது 10 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 10 ஆம்பியர் பீஸ் போட்டால், ஸ்டார்ட் செய்யும்போது 60 ஆம்பியர் போகும். ஒவ்வொரு முறையும் பீஸ் போகும். சரி என்று தடிமனான பீஸ் போட்டால் ஸ்டார்ட் ஆகும். ஆனால் பிறகு அதே மோட்டார் அதிகச் சுமையில் 15 ஆம்பியரில் மணிக்கணக்கில் வெந்துகொண்டிருந்தாலும் பீஸ் கண்டுகொள்ளாது. திருடனைப் பிடிக்க வைத்த நாய் விருந்தாளியைக் கடித்த கதை ஒரு பக்கம். கடிக்காத நாயாகப் பார்த்து வைத்ததால் திருடன் வந்து போன கதை இன்னொரு பக்கம்.

எனவே மோட்டாரின் காவலுக்கு "எவ்வளவு" என்ற கேள்வி மட்டும் போதாது, "எவ்வளவு நேரம்" என்பதும் வேண்டும் என்று புரிந்தது.

*ரிச்மண்டில் நான்கு கோவேறு கழுதைகள்*

அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் மின்சார டிராம் வண்டி விட ஒப்பந்தம் எடுத்தவர் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற இளம் பொறியாளர். அந்த ஊர்த் தெருக்கள் மேடு பள்ளம் நிறைந்தவை. இவ்வளவு செங்குத்தான மேட்டில் மோட்டார் வண்டி ஏறுமா என்று அவருக்கே சந்தேகம். ஓர் இரவில் சோதனை ஓட்டம் நடந்தது. வண்டி மேட்டை ஏறிவிட்டது. ஆனால் மோட்டார்கள் கடுமையாகச் சூடாகி, உள்ளே காயில் ஷார்ட் ஆகி வண்டி நின்றுவிட்டது. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

ஸ்ப்ரேக் தோல்வியைக் காட்டிக்கொள்ளவில்லை. சின்னக் கோளாறுதான், கருவிகள் எடுத்து வாருங்கள் என்று உதவியாளரிடம் சத்தமாகச் சொல்லி அனுப்பிவிட்டு, வண்டிக்குள் விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு 'கருவிகள்' வந்தன. அவை நான்கு கோவேறு கழுதைகள்! வண்டியை இழுத்துக்கொண்டு கொட்டகை சேர்ந்தார்கள். எல்லாம் சரிசெய்து 1888 பிப்ரவரியில் அங்கே டிராம் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. ஏழே ஆண்டுகளில், 1895-ல், நம் சென்னையிலும் மின்சார டிராம் வந்துவிட்டது.

ரயில், டிராம் வண்டிகளில் மோட்டாரோடு மின்தடைகளைச் சேர்த்து, வேகம் பிடிக்கப் பிடிக்க ஒவ்வொன்றாக விலக்குவார்கள். ஓட்டுநர் அவசரப்பட்டுக் கைப்பிடியை வேகமாகத் திருப்பினால் மின்னோட்டம் எகிறும். ஆக, மோட்டாரின் ஆயுள் ஓட்டுநரின் பொறுமையில் இருந்தது. 1897-ல் சிகாகோவின் உயர்மட்ட ரயிலுக்காக, பல பெட்டிகளின் மோட்டார்களை ஒரே கைப்பிடியால் இயக்கும் முறையை ஸ்ப்ரேக் கொண்டுவந்தார். அதன் வழியில் வளர்ந்த கட்டுப்பாடுகளில் ஒரு ரிலே வந்து சேர்ந்தது. மின்னோட்டம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கும் வரை அடுத்த படிக்குப் போக அது விடாது. ஓட்டுநர் கைப்பிடியை எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் சரி, மோட்டார் தாங்கும் வேகத்தில்தான் படிகள் நகரும். மனிதனின் பொறுமையை இயந்திரத்துக்குள் வைத்த முதல் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

*சூட்டை நினைவில் வைக்கும் தகடு*

தொழிற்சாலை மோட்டார்களுக்கு வேறொரு காவலாளி கிடைத்தான். அவனுடைய தாத்தா ஒரு கடிகாரத்துக்குள் பிறந்தவர். கப்பல் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன், வெயிலிலும் குளிரிலும் நேரம் தப்பாமல் இருப்பதற்காக, 18-ஆம் நூற்றாண்டில் இரண்டு உலோகங்களை ஒட்டி ஒரு தகடு செய்தார். சூடானால் ஓர் உலோகம் அதிகமாக விரியும், மற்றது குறைவாக விரியும், தகடு வளையும். இரட்டை உலோகத் தகடு என்று எட்டாம் வகுப்பில் நான் நடத்தியது நினைவிருக்கிறதா?

மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை இந்தத் தகட்டின் அருகே ஒரு சிறு ஹீட்டர் வழியாக விட்டால், மோட்டார் சூடாகிற அதே போக்கில் தகடும் சூடாகும். ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளில் அது வளையாது. பத்து, இருபது நிமிடம் அதிகச் சுமை இருந்தால் மெல்ல வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறினால்தான் மறுபடி ரீசெட் ஆகும். இதுதான் நம் பம்புசெட் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோட் ரிலே. அதன் பெரிய சிறப்பு நினைவாற்றல். இப்போது எவ்வளவு மின்னோட்டம் என்று மட்டும் அது பார்ப்பதில்லை. இதுவரை எவ்வளவு சூடு சேர்ந்திருக்கிறது என்பதையும் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது.

சூடு ஏறினால் என்னதான் நஷ்டம்? செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். காயிலில் முதலில் போவது செம்பு அல்ல, அதன் மேலுள்ள எனாமல், காகிதம், வார்னிஷ் போன்ற இன்சுலேஷன். எந்தப் பொருள் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதை 1913-ல் ஸ்டைன்மெட்ஸ், லாம் என்ற இரு பொறியாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை அலசியது. 1930-ல் மான்ட்சிங்கர் என்பவர் டிரான்ஸ்ஃபார்மர்களை ஆராய்ந்து, வெப்பநிலை ஒவ்வொரு 8 டிகிரி கூடும்போதும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகிறது என்று காட்டினார். இன்று பொதுவாக 10 டிகிரிக்குப் பாதி என்று மனக்கணக்காகச் சொல்வார்கள்.

20 ஆண்டு உழைக்க வேண்டிய காயில், 10 டிகிரி கூடுதலாக ஓடினால் 10 ஆண்டு. 20 டிகிரி கூடினால் 5 ஆண்டு. இதில் கவனிக்க வேண்டியது, எரிவது அன்றே எரிவதில்லை. இன்று அதிகமாகச் சூடேற்றியவன் இன்று தண்டனை பெறுவதில்லை. அவன் வேலையை விட்டுப் போன பிறகு, வேறு யாரோ நிற்கும்போது, மோட்டார் எரியும்.

*வெட்டாமல் குறைத்த கதை*

பீஸும் ரிலேயும் செய்வது ஒரே வேலை: அளவு மீறினால் துண்டித்துவிடும். ஆனால் துண்டிக்கக் கூடாத இடங்கள் உண்டே? சுரங்கத்தில் மண் அள்ளும் ராட்சத ஷவல் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். வாளி அடிக்கடி பாறையில் மாட்டும். ஒவ்வொரு முறையும் டிரிப் ஆனால் வேலை நடக்காது. மோட்டார் நின்ற நிலையிலும் பாறையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், எரியவும் கூடாது.

இதற்கு வழி விட்டது ஹாரி வார்டு லியோனார்டு என்பவரின் முறை. 1891-ல் காப்புரிமை பெற்றது. ஒரு மோட்டார் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் வேலை செய்யும் மோட்டார் ஓடும். ஜெனரேட்டரின் புலக் காயிலில் போகும் சின்ன மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தாலே பெரிய மோட்டாரின் வேகம் கூடிக் குறையும். சின்னதைக் கொண்டு பெரியதை ஆட்டுவதுதானே ஆம்ப்ளிஃபயர்? ரேடியோவில் பாட்டைப் பெருக்குவது போல இங்கே மோட்டாரின் ஆற்றலைப் பெருக்குகிறோம். லிஃப்டுகளிலும் சுரங்க வின்ச்சுகளிலும் உருக்காலைகளிலும் இந்த முறை பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது.

ஷவல் இயந்திரங்களில் இந்த ஜெனரேட்டருக்குள் இன்னொரு காயிலைச் சுற்றினார்கள். மோட்டாருக்குப் போகும் மின்னோட்டமே அதன் வழியாகப் போகும், ஆனால் எதிர்த் திசையில் வேலை செய்யும். மின்னோட்டம் ஏற ஏற ஜெனரேட்டரின் மின்னழுத்தம் தானாக இறங்கும். வாளி பாறையில் மாட்டி மோட்டார் நின்றுவிட்டால், மின்னழுத்தம் தரைமட்டத்துக்கு இறங்கி, மின்னோட்டம் ஓர் எல்லையில் நின்றுகொள்ளும். மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும், பாறை நகர்ந்தால் மறுபடி வேகம் பிடிக்கும். எதுவும் உருகவில்லை, எதுவும் டிரிப் ஆகவில்லை.

வெட்டுவதற்கும் குறைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அலெக்சாண்டர்சன் உருவாக்கிய ஆம்ப்ளிடைன் என்ற சுழலும் ஆம்ப்ளிஃபயர், சில வாட் சைகையைக் கொண்டு பல கிலோவாட் மோட்டாரை ஆட்டி, பீரங்கிகளைத் திருப்பியது. அதன் பிறகு மின்னோட்ட எல்லை என்பது மோட்டார் கட்டுப்பாட்டில் வழக்கமான அங்கமாகிவிட்டது.

*காவலாளிக்கே காவல்*

1957-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் செய்யப்பட்டது. சுழலும் ஜெனரேட்டர்களின் வேலையைக் கைக்குள் அடங்கும் சிலிக்கான் துண்டு எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. பிறகு வந்தது ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்ச். அதை 1980-களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தில் உருவாக்கியவர் ஜயந்த் பாலிகா. சென்னையில் 1948-ல் பிறந்தவர், 1969-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்தவர். 2024-ல் ஃபின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்று உலகெங்கும் மோட்டார் டிரைவ்களுக்குள் இந்த ஐ.ஜி.பி.டி.தான் நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

சிலிக்கான் வந்ததும் கதை தலைகீழாயிற்று. மோட்டார் கிலோக்கணக்கில் இரும்பும் செம்பும் கொண்டது. சூடாக நிமிடங்கள் ஆகும். சிலிக்கான் துண்டோ நகத்தளவுதான். ஷார்ட் ஆனால் ஐ.ஜி.பி.டி. தாங்குவது சுமார் 10 மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. பீஸ் உருக அதைவிடப் பல மடங்கு நேரமாகும். பீஸைக் காப்பாற்ற டிரான்சிஸ்டர் உயிர்விடும் என்று மெக்கானிக்குகள் கேலி செய்வது இதனால்தான். ஆக, மோட்டாரைக் காக்க வந்த ஆம்ப்ளிஃபயர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

*பெட்டிக்குள் நடப்பது என்ன?*

இன்றைய ஆம்ப்ளிஃபயர் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை விடாமல் அளக்கிறது. அளப்பதற்குப் பல பெட்டிகளில் இருப்பது ஹால் உணரி. எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர் 1879-ல், எடிசனின் பீஸுக்கு ஓராண்டு முன்னால், கண்டறிந்த விளைவு அது. கேட்ட மின்னோட்டத்தையும் போகும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, சுவிட்ச் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. காயில் சுற்றுக்கு மின்னோட்டம் சட்டென்று மாறுவது பிடிக்காது என்பதால், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

இதில் மூன்று எல்லைகள் உண்டு. முதலாவது, ஷார்ட் ஆனால் மைக்ரோ நொடிகளில் மூடிவிடும் எல்லை. இரண்டாவது, உச்ச மின்னோட்டம். அதற்கு மேல் எவ்வளவு கேட்டாலும் கிடைக்காது. மூன்றாவது, தொடர் மின்னோட்டம். நாள் முழுவதும் ஓடினாலும் தாங்கும் அளவு. உச்சத்துக்கும் தொடர்ச்சிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைக் கணக்கிடுவதுதான் ஐ-ஸ்கொயர்-டி. மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்குவது. அதே ஜூல் கணக்கு!

இதை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடர் மின்னோட்டம் 10 ஆம்பியர், உச்சம் 20. தொட்டியின் கொள்ளளவு 600. ஒவ்வொரு நொடியும் மின்னோட்டத்தின் வர்க்கம் உள்ளே விழும். 10-ன் வர்க்கமான 100 கீழே வடியும். 20 ஆம்பியர் போனால் 400 விழுந்து 100 வடியும், 300 சேரும். 2 நொடியில் தொட்டி நிறைந்துவிடும். 15 ஆம்பியரில் 225 விழுந்து 125 சேரும். ஏறக்குறைய 5 நொடி கிடைக்கும். 10 ஆம்பியரில் எவ்வளவு நேரம் ஓடினாலும் நிறையாது. தொட்டி நிறைந்ததும் சில ஆம்ப்ளிஃபயர்கள் அலாரம் கொடுத்து நிற்கும். சில, நிற்காமல் மின்னோட்டத்தை 10-க்கு இறக்கிக்கொண்டு தொடரும். மோட்டார் சற்று ஓய்ந்தால் தொட்டி வடியும், மறுபடி உச்சம் கிடைக்கும். ஹாரிசனின் தகடு உடம்பால் செய்ததை இங்கே எண்கள் செய்கின்றன.

மின்னோட்டத்தைக் குறைத்தால் மோட்டாரின் முறுக்கு விசையும் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. கன்வேயரில் அதனால் வேகம் குறையும், அவ்வளவுதான். லிஃப்டில் விசை குறைந்தால் பெட்டி இறங்கிவிடும். அதனால்தான் அங்கே தனியாக பிரேக் உண்டு. மின்சாரம் போனாலே பிடித்துக்கொள்ளும் பிரேக்.

*எல்லையை ஏற்றலாமா?*

சி.என்.சி. பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார். "சார், வெயில் காலத்துல மெஷின் அடிக்கடி ஓவர்லோட்னு நிக்குது. கரண்ட் லிமிட் செட்டிங்கை ஏத்தி வெச்சா சரியாயிடும்னு சொல்றாங்க. ஏத்தலாமா?"

"தம்பி, காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை உடைப்போமா?" என்றேன். டிரைவ் பொதுவாக 40 டிகிரி சுற்றுப்புற வெப்பத்துக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. தகரக் கூரை போட்ட கொட்டகையில், மே மாதத்தில், மூடிய பேனலுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பேனல் ஃபேன் ஓடுகிறதா, ஃபில்டரில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கிறதா, பேரிங் இறுகியிருக்கிறதா, எண்ணெய் போகிறதா, டூல் மழுங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் தலையணைப் பஞ்சு மாதிரி அடைத்திருந்ததாம். சுத்தம் செய்ததும் அலாரம் நின்றுவிட்டது.

அந்த எண், மோட்டாரின் காயில், அதன் காந்தங்கள், டிரைவின் சிலிக்கான் இவற்றில் எது முதலில் தாங்காமல் போகுமோ அதைப் பார்த்து வைத்தது. மோட்டாரை மாற்றினால் புது மோட்டாரின் அளவுக்கு அதை மாற்றத்தான் வேண்டும். மெஷின் நிற்கிறது என்பதற்காக மாற்றக் கூடாது.

*நம் ஊர் வழக்கம்*

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்து, கோயம்புத்தூரில் மில்களும் பட்டறைகளும் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அங்கே உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். அந்தப் பகுதியிலிருந்து இந்தியா முழுவதும் பம்புசெட் போயிற்று. மோட்டாரைச் செய்யவும் ரீவைண்டிங் செய்யவும் கற்றுக்கொண்ட நாம், அதன் காவலாளியை மட்டும் எதிரியாகவே பார்க்கிறோம்.

பீஸ் கட்டையில் நான்கைந்து இழைகளை முறுக்கிக் கட்டுகிறோம். ரிலே அடிக்கடி டிரிப் ஆனால் திருகை மேலே ஏற்றுகிறோம், அல்லது ரிலேயையே தாண்டி வயர் போட்டுவிடுகிறோம். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அதே சுமையை இழுக்க மீதி இரண்டில் சுமார் 1.7 மடங்கு மின்னோட்டம் எடுக்கும். அந்தக் காயில்களில் சூடு ஏறத்தாழ 3 மடங்கு. அந்த நேரத்தில் ரிலே வேலை செய்திருந்தால் போவது ஒரு நாள் தண்ணீர். வேலை செய்யாவிட்டால் ரீவைண்டிங் கூலி, மோட்டாரைத் தூக்கும் கூலி, அது திரும்பி வரும் வரை வாடும் பயிர். கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விவசாயியை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். மின்னழுத்தம் குறைந்து வரும் ஊரில் மோட்டார் அதிக மின்னோட்டம் எடுக்கும், நல்ல ரிலேயும் டிரிப் ஆகும். இரவு இரண்டு மணிக்கு வரும் கரண்டில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவருக்கு டிரிப் ஆகும் ரிலே எரிச்சலாகத்தான் இருக்கும். நல்ல மின்சாரம் கொடுப்பதும் மோட்டாரைக் காக்கும் வழிதான். ஆனாலும், கோளாறு வெளியே இருக்கும்போது காவலை எடுத்துவிட்டால் நஷ்டம் நம் கிணற்றடியில்தான் முடியும்.

பழைய வாத்தியார் என்பதால் ஒரு வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட மாட்டேன். நாளை காலை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உங்கள் மோட்டாரின் பெயர்ப்பலகையைத் துடைத்து அதில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்று படியுங்கள். பிறகு ஸ்டார்ட்டரின் ஓவர்லோட் ரிலேயில் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் ரிலேயின் எண் பலகையில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கும், அது சரிதான். நேரடி ஸ்டார்ட்டரில் ரிலேயின் எண் பலகையைவிட அதிகமாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் கருத்துப் பகுதியில் எழுதினால் சேர்ந்து பார்க்கலாம்.